காலாங் ஆற்றுப் படியில் நான் பிடித்த கை

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைப்பேன்.

சாங்கி விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் எனக்கு வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். இருபத்தாறு வருஷம் ஆகிறது. இங்கே இறந்துபோனவர்களின் உடல்கள் பெட்டியில் ஊருக்குப் போகும், வெளியூரில் இறந்தவர்கள் பெட்டியில் இங்கே வருவார்கள், அந்தப் பெட்டிகளின் காகிதங்களைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். பசித்தால் அவற்றுக்குப் பக்கத்தில் நின்றே ரொட்டி தின்றிருக்கிறேன். ஒரு நாளும் எதுவும் என்னைத் தொட்டதில்லை, கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காகப் போகிறவன்தான். ஆனால் அது வேறு, இது வேறு.

இன்னொன்று. இது இருட்டில் நடந்தது இல்லை. காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, பக்கத்துப் பாதையில் ஆட்கள் ஓடிக்கொண்டும் சைக்கிள் மிதித்துக்கொண்டும் இருந்த நேரத்தில் நடந்தது.

முரளி என் தங்கை ரீட்டாவின் கணவன். தேக்காவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறான், கடை பத்தரைக்குத்தான் திறக்கும். அவர்கள் இருப்பது புக்கிட் பாத்தோக்கில், நான் இந்தக் கோடியில் தெம்பனிஸில். அவர்கள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவன் இந்து, நாங்கள் கத்தோலிக்கர், அப்பா இல்லாத வீட்டில் நான்தான் பெரியவன் என்ற நினைப்பு வேறு. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. நான்கு வருஷம் பேசவில்லை. அம்மா இறந்த அன்று அவன்தான் முதலில் வந்தான், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நாற்காலி போட்டான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாப்ள, மீன் பிடிக்க வர்றியா?" என்று கேட்டேன். வந்தான். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது, மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது நாங்கள் காலாங் ஆற்றங்கரையில்தான் இருப்போம்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ரீட்டா எனக்கு போன் செய்வாள். "அண்ணே, அவரைத் தண்ணிகிட்ட விடாதீங்க, சொன்னா கேக்க மாட்டாரு." "நான் இருக்கேன்ல, போம்மா" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்த வார்த்தையை.

காலாங் ஆற்றை ஆறு என்று சொன்னால் ஊரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட், மேலே பாலம், அந்தப் பக்கம் அடுக்குமாடி. முன்பு கடல் உள்ளே வந்து போகும், முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டிய பிறகு உப்பெல்லாம் போய் நல்ல தண்ணீராகிவிட்டது. ஏற்றம் இறக்கம் கிடையாது, இழுப்பும் பெரிதாகக் கிடையாது. ஒரு குளம் மாதிரி நிற்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விழுந்த ஒரு மனிதனை அடித்துக்கொண்டு போகிற ஆறு இல்லை அது. மீன் பிடிக்கலாம் என்று பலகை வைத்திருக்கிற இடத்தில்தான் பிடிக்க வேண்டும், உயிருள்ள இரை போடக்கூடாது. நாங்கள் ரப்பர் தவளை போடுவோம். தோமான் என்கிற பெரிய விரால் மீனுக்கு அதுதான். பெரிய தோமான் ஒன்று தவளையை அடித்தால் தண்ணீரில் யாரோ செங்கல்லை எறிந்த மாதிரி சத்தம் கேட்கும். பிடித்ததை ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவோம்.

செப்டம்பர் மாதம் எங்களுக்கு நல்ல மாதம். தென்மேற்குக் காற்று ஓயப்போகிற நேரம், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டுப் போகும், பிறகு வானம் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அந்த மழைக்குக் கால்வாய்களிலிருந்து மைலோ நிறத்தில் தண்ணீர் வந்து ஆற்றில் சேரும். கலங்கல் ஒரு பக்கம், தெளிவு ஒரு பக்கம், நடுவில் கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கோட்டில்தான் தோமான் காத்துக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் போனில் குறித்துவைப்பேன், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம், மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று. எனக்கு அப்படி ஒரு புத்தி. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன்.

அன்றைக்கு நான் எழுதியது இன்னும் போனில் இருக்கிறது. "மழை ஐந்தரைக்கு நின்றது. காற்று இல்லை. புகைமூட்ட வாடை லேசாக. தண்ணீர் பாதி கலங்கல். மீன் ஒன்றுகூட மேலே வரவில்லை." அந்தக் கடைசி வரியை எழுதும்போதே எனக்கு வினோதமாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த காலையில் தோமான் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்காமல் இருக்காது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒரு குமிழிகூட இல்லை.

"என்ன மச்சான், மீனெல்லாம் லீவு போட்டுட்டுப் போயிடுச்சா?" என்றான் முரளி.

"பொறு லா. வெயில் ஏறட்டும்."

எங்கள் இடத்தில் தண்ணீருக்குள் இறங்கும் படிகள் ஐந்தாறு உண்டு. கடைசிப் படி பாசி பிடித்து வழுக்கும். அவன் அங்கேதான் போய் நிற்பான், நான் மேலே வா மேலே வா என்று கத்துவேன், அவன் ஒரு படி ஏறுவான், ஐந்து நிமிஷத்தில் மறுபடி இறங்கிவிடுவான். அன்றும் அப்படித்தான். எங்களிடமிருந்து முப்பது அடி தள்ளி ஒரு சீனப் பெரியவர் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் தெரியாது, ஆனால் வருஷக்கணக்காகப் பார்த்த முகம், தலையாட்டிக்கொள்வோம்.

என் தூண்டில் ரீலில் நரம்பு சிக்கிக்கொண்டது. பழைய ரீல், அவசரமாக வீசினால் உள்ளே குருவிக்கூடு மாதிரி சுற்றிக்கொள்ளும். நான் மேல் படியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, குனிந்து அந்தச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. பத்து நிமிஷம் இருக்கலாம். முரளி ஏதோ பேசினான், நான் ம் கொட்டினேன்.

அப்போது தண்ணீரில் அந்தச் சத்தம் கேட்டது. செங்கல் விழுந்த சத்தம். தோமான் அடித்துவிட்டது என்று சந்தோஷமாகத் தலையை நிமிர்த்தினேன்.

கடைசிப் படியில் அவன் இல்லை. படிக்கு முன்னால் தண்ணீரில் அவன் தொப்பி மிதந்தது, தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு கை மேலே வந்தது, உள்ளே போனது.

நான் கத்தினேனா இல்லையா தெரியாது. படியில் குப்புற விழுந்து, ஒரு கையால் பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தண்ணீரில் விட்டேன். அவன் கை வந்து சிக்கியது. இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, எனக்கு ஐம்பத்து மூன்று வயது, இடுப்பு வலி உள்ள ஆள். அவன் தலை வந்தது, தோள் வந்தது, பச்சை டீ-ஷர்ட்டின் கழுத்தைப் பிடித்து மேலே தூக்கிப் படியில் போட்டேன். அந்த மனிதனின் முழு எடையும் என் மார்பில் விழுந்தது. என் சட்டை, கால்சட்டை எல்லாம் நனைந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன். முரளி. என் தங்கையின் கணவன் முரளி, வேறு யாரும் இல்லை, அரை அடி தூரத்தில் பார்த்தேன். அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு முதுகில் அறைந்தேன், வாயிலிருந்து தண்ணீர் வந்தது, இருமினான், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

அந்தப் பெரியவர் அங்கிருந்து, "ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!" என்று கத்திக்கொண்டே தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவது தெரிந்தது.

"இரு மாப்ள, அசையாத, இரு" என்று சொல்லிவிட்டு, போனை எடுக்க மேல் படிக்கு ஏறினேன். என் பை அங்கேதான் கிடந்தது. ஐந்து படி, அவ்வளவுதான். பைக்குள் கையை விட்டு, போன் அகப்படாமல், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே எறிந்து, கடைசியில் போன் கிடைத்தது.

"மச்சான், என்ன ஆச்சு? ஏன் இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

குரல் பின்னாலிருந்து வரவில்லை, எதிரிலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாதையோரத்து மரத்தடியில் முரளி நின்றுகொண்டிருந்தான். பச்சை டீ-ஷர்ட், தலையில் தொப்பி இல்லை, விரலில் இரண்டு கோப்பிப் பைகள் தொங்கின. கடையில் கயிறு கட்டித் தருவார்களே, அந்தப் பைகள். ஆவி பறந்துகொண்டிருந்தது. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நான் திரும்பிப் படியைப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. மழைத் தண்ணீரில் எல்லாப் படியும் நனைந்துதான் இருந்தது, எது எந்தத் தண்ணீர் என்று சொல்ல முடியவில்லை. ஆற்றில் அந்தத் தொப்பி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ எங்க போனே?" இதைத்தான் கேட்டேன்.

"கோப்பி வாங்கத்தான். சொல்லிட்டுத்தானே போனேன், நீங்க ம்னு சொன்னீங்க. தொப்பி காத்துல விழுந்திடுச்சு, அதையும் சொன்னேன்."

காற்றே இல்லை என்று நான் எழுதிவைத்திருந்த காலை அது.

ஓடி வந்த வழியில் பாதியிலேயே நின்றுவிட்டிருந்த அந்தப் பெரியவர் அப்போதுதான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். முரளியைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு மறுபடி முரளியைப் பார்த்தார். நான், "நீங்களும் பார்த்தீங்கதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கேட்டேனா, கெஞ்சினேனா, தெரியவில்லை. அவர் முரளியிடமிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார், அப்படியே திரும்பி வேகமாக நடந்து போய்விட்டார். தூண்டில், பெட்டி எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தது. வேறு யாரோ ஒருவர் விழுந்திருக்கிறார், முரளி மாதிரி இருந்திருக்கிறார், நான் போனைத் தேடிய நேரத்தில் பாசியில் வழுக்கித் திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டார். வேறு என்னதான் நினைக்க முடியும்? உடனே அவசர எண்ணுக்கு போன் செய்தேன். பத்து நிமிஷத்துக்குள் வண்டி வந்தது, போலீஸ் வந்தது, முக்குளிப்பவர்கள் வந்தார்கள். பாதையை அடைத்து நாடா கட்டினார்கள். ஓட வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி என்னை ஓரமாக உட்கார வைத்து விசாரித்தார். சின்னப் பெண், ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அங்கிள், அந்த ஆளோட முகத்தைப் பாத்தீங்களா?"

முரளி பக்கத்தில் நின்று எனக்குத் துண்டு போர்த்திக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இல்லம்மா. சரியா பாக்கல" என்றேன்.

நான் போலீஸிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். வேறு என்ன சொல்வேன், இதோ நிற்கிறானே, இவனைத்தான் இழுத்தேன் என்றா?

"ஒரு உடுப்பு, கலர் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"பச்சை மாதிரி இருந்துச்சு."

அவர் முரளியின் சட்டையை ஒரு தரம் பார்த்தார். எழுதிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சேறு, ஒரு உடைந்த சைக்கிள், அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். யாரையும் காணவில்லை என்று புகார் எதுவும் வரவில்லை, பாலத்துப் பக்கம் இருக்கிற கேமராவில் என் மாப்பிள்ளை கோப்பிக் கடைக்குப் போவதும் திரும்பி வருவதும் தெரிகிறது, படிகள் இருக்கிற பகுதியை மரம் மறைக்கிறது என்றார். "ரெஸ்ட் எடுங்க அங்கிள். நைட் ஷிஃப்ட் பாக்குறீங்கல்ல, தூக்கம் முக்கியம்" என்றார். எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. தூக்கமில்லை, ரத்த அழுத்தம், ஏதோ ஒன்று. டாக்டரிடமும் போனேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை.

முரளி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு என் மேல அவ்வளவு பாசம் மச்சான், அதான் கண்ணுல தெரிஞ்சிருக்கு" என்று கிண்டல் செய்தான். ரீட்டாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெரியவர் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கெட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குமா? ஆம்புலன்ஸ் என்று முதலில் கத்தியவர் அவர்தானே? அவருடைய தூண்டிலையும் பெட்டியையும் நான் அன்றே எடுத்துவந்து வீட்டில் வைத்திருந்தேன். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து தனியாகப் போய் அந்தக் கரையில் உட்கார்ந்தேன், அவர் வரவில்லை. நான்காவது வாரம் பக்கத்து புளோக்குக்குக் கீழே இருக்கிற கோப்பிக் கடையில் அவரைப் பார்த்தேன். தூண்டிலை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றார்.

"அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் தன் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

நான் போனை எடுக்க ஏறியபோது, படியில் கிடந்த ஆள் எழுந்து நின்றானாம். சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுகப் படியேறி, பைக்குள் தேடிக்கொண்டிருந்த எனக்குப் பின்னாலேயே நடந்து, மரத்துப் பக்கம் போனானாம். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவன் கோப்பிப் பைகளோடு அதே மரத்துக்கு வந்துகொண்டிருந்தானாம். இரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே சட்டை.

"இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் போனார்கள்," என்றார். "ஒருவன்தான் வெளியே வந்தான்."

"எது? எந்த ஆள்?" என்று கேட்டேன்.

"கையில் கோப்பி இருந்தது" என்றார். "அது மட்டும்தான் எனக்குத் தெரியும்." எழுந்து போய்விட்டார். அவருடைய கோப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

நான் தெம்பனிஸ் திரும்பும்வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ரீட்டாவிடமா? அவளுக்கு போன் போட்டு, சுற்றி வளைத்து, "மாப்ள எப்படி இருக்கார், நல்லா இருக்காரா?" என்று கேட்டேன். "என்ன அண்ணே புதுசா விசாரிக்கிறீங்க? நல்லாத்தான் இருக்கார். முன்னைக்கு இப்ப கோவம்கூட வர்றதில்ல" என்று சிரித்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் ரொம்ப நாள் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் மீன் பிடிக்கப் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மற்றபடி எல்லாம் பழையபடிதான். தீபாவளிக்கு நான் குடும்பத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் சாப்பாடு முடிந்து பெண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், டிவி ஓடிக்கொண்டிருந்தது. முரளி சமையலறையில் தட்டு கழுவினான். அவன் எப்போதும் அப்படித்தான், சொன்னாலும் கேட்க மாட்டான். நான் பக்கத்தில் நின்று கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ வீட்டு விலை பற்றியோ ரயில் நின்றுபோனது பற்றியோ பேசிக்கொண்டிருந்தோம். குழாயை மூடினான். தட்டைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"நீங்க கையை விட்டீங்கள்ல மச்சான், அப்பக்கூட எனக்குக் கோவம் வரல. திரும்பப் பிடிச்சிட்டீங்கல்ல, அது போதும்."

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"என்ன சொன்னே?"

"ம்? துண்டு ரொம்ப நனைஞ்சிருச்சு, வேற இருக்கான்னு கேட்டேன்" என்றான். என் முகத்தைப் பார்த்து, "என்ன மச்சான், உடம்பு சரியில்லையா?" என்றான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. நடிக்கிற ஆள் இல்லை அவன், அவனுக்கு நடிக்கவே தெரியாது.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போலீஸிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறக்கிறேன். அன்று தண்ணீரில் அவன் கையைப் பிடித்தபோது, அவன் எடை என்னையும் இழுத்தது. கம்பியைப் பிடித்திருந்த என் கை வழுக்கியது, என் முகம் தண்ணீருக்குள் போனது, மூக்கில் தண்ணீர் ஏறியது. நானும் போய்விடுவேன் என்று பயந்தேன். பயந்து, அவன் கையை விட்டேன். வழுக்கவில்லை. விட்டேன். விரலைப் பிரித்து விட்டேன். அவன் உள்ளே போனான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம் இருக்கும். பிறகுதான் வெட்கமோ, ரீட்டாவின் முகமோ, ஏதோ ஒன்று வந்து, கையை மறுபடி தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன். ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. நான் பிடிக்கவில்லை, அது பிடித்தது. அதைத்தான் மேலே இழுத்தேன்.

முதலில் பிடித்த கை சூடாக இருந்தது, உயிருள்ள மனிதக் கை எப்படி இருக்குமோ அப்படி. இரண்டாவது பிடித்தது அப்படி இல்லை.

இதைப் பார்த்தவர் யாரும் இல்லை. முப்பது அடி தள்ளி நின்ற அந்தப் பெரியவருக்கும் என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

முரளி நன்றாக இருக்கிறான். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன், ரீட்டா கர்ப்பமாக இருக்கிறாள், பத்து வருஷம் கழித்து, எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள், நானும் சொன்னேன். முரளி எனக்குக் கோப்பி போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். "அங்க வை மாப்ள, சூடு ஆறட்டும்" என்றேன். மேசையில் வைத்தான். அவன் கைக்கு நான் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தாலும் அப்படித்தான், தட்டோ, சாவியோ, எதுவாக இருந்தாலும் மேசையில் வைத்துவிடுவேன், அவன் எடுத்துக்கொள்வான். ஏன் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.